சிவனாண்டி போல்ட் வைத்த சுவர்

என் தங்கை புருஷன் சிவனாண்டி எதையும் வாயால் சொல்லி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கையால்தான் சொல்லுவான். "தள்ளி நில்லு" என்பதற்குப் பதில் ஒரு தள்ளு. "அது தப்பு" என்பதற்குப் பதில் பிடரியில் ஒன்று. சுந்தரபாண்டியத்தில் பிறந்தவன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பெரியப்பன் மகனை மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்துத் தோளை இறக்கிவிட்டு ஊரைவிட்டு ஓடியபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கொச்சிப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பல வருஷம் கிடந்துவிட்டு, எண்பத்தைந்தில் ராஜபாளையம் வந்து மில்லில் பிட்டராகச் சேர்ந்தான். நான் காசிராஜன், அதே மில் கிட்டங்கியில் பஞ்சு பேல், அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி, உருட்டுகிறவன். இப்பேர்ப்பட்டவனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தாயே, உனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு என்று கேட்பீர்கள். நல்ல வேலைக்காரன் என்று நம்பிக் கொடுத்தேன். வேலையில் அவனைக் குறை சொல்ல இன்றைக்கும் என்னால் முடியாது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மில்லில் ஒரு மிஷினை உட்கார வைக்க வேண்டுமென்றால் தரைக்குள் போல்ட் இறக்க வேண்டும். பழைய முறையில் தரையைக் கொத்தி, போல்டை நிறுத்தி, சிமெண்டை ஊற்றி, அது இறுகுகிறவரை நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். மிஷின் சும்மா நிற்கும், முதலாளிக்கு வயிறு எரியும். சிவனாண்டி கொச்சியிலிருந்து கற்றுக்கொண்டு வந்தது எபாக்சிப் பசை. இரண்டு டப்பா. ஒன்றில் ரெசின், ஒன்றில் ஹார்டனர். தனித்தனியாக இருக்கிறவரை இரண்டும் சாது. அளவாகச் சேர்த்துக் குழைத்தால் சூடேறி, மறுநாளைக்குள் கல்லாகிவிடும். அவன் டிரில்லால் துளை போடுவான். தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதுவான். பிரஷ் விட்டுத் தேய்ப்பான், மறுபடி ஊதுவான். பொறவு அடியிலிருந்து பசையை நிரப்பி, போல்டைத் திருகித் திருகி உள்ளே இறக்குவான். பிரஷ் என்றால் குழந்தைகளுக்குப் பால் புட்டி கழுவுகிற பிரஷ்தான். மாதா மாதம் அதை வாங்கப் போனவனிடம் கடைக்காரர், "ஒமக்கு எம்புட்டுப் பிள்ளைக வேய்?" என்று சிரித்துக் கேட்டு, அதற்கும் ஓர் அறை வாங்கினார்.

தூசி ஆகாது. ஈரம் ஆகாது. பசை வைத்தால் மறுநாள் வரைக்கும் அதை ஒருத்தனும் தொடக் கூடாது. இதுதான் அவனுடைய சட்டம். ஏன் என்று கேட்டால் முறைப்பான்.

அந்தச் சட்டத்தில் முதலில் அடிபட்டவர் குருசாமிக் கொத்தனார். நல்ல மனுஷன். கொத்தனார் கை எதைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர் காட்டும். செங்கல் குளிர்ந்திருந்தால்தான் கலவை பிடிக்கும், அது அவர் தொழில். சிவனாண்டி ஊதித் துடைத்து வைத்த துளை வரிசையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டுக்கொண்டே போய்விட்டார். பசையைக் குழைத்துக்கொண்டு வந்தவனிடம், "தண்ணி காட்டிருக்கேன் தம்பி, இனி கெட்டியாப் புடிச்சிக்கிடும்" என்று பெருமையாக வேறு சொன்னார்.

சிவனாண்டி அவர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி அதாலேயே மூஞ்சியில் அடித்தான். மூக்கு உடைந்து, குனிந்தவருடைய ரத்தம் ஒரு துளைக்குள் சொட்டியது. ரத்தமும் ஈரந்தானே? அதற்கும் சேர்த்து விலாவில் ஒரு மிதி. நாங்கள் நாலைந்து பேர் விழுந்து பிடித்து இழுத்தோம். அதற்குப் பிறகு அவன் ஊது விளக்கைப் பற்றவைத்து, ஒவ்வொரு துளையாகக் காய்ச்சி, மறுபடி டிரில் விட்டு, மறுபடி ஊதி, மறுபடி தேய்த்து முடித்தபோது சாயந்தரம் ஆகிவிட்டது.

"ஏன் மாப்ள, ஈரத்துல பசை புடிக்காதுன்னு வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"சொன்னா வெளங்கவா போகுது?"

"சொல்லிப் பாத்தாத்தானய்யா தெரியும்!"

அவன் பால் புட்டி பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தான். குருசாமி தாழ்வாரத்தில் மூக்கில் துணியை அமுக்கிக்கொண்டு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அறைகிற நாளும் வந்தது. எண்பத்தெட்டில் என் தங்கை வெள்ளத்தாய்க்குப் பெண் பிறந்தது. தலைப்பிரசவம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில். பிள்ளைக்கு நாச்சியார் என்று பேர் வைத்து, தொட்டில் போட நாள் குறித்தோம். அப்போதுதான் ஒருவரும் யோசிக்காத ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் புதுக் காங்கிரீட் கூரையில் தொட்டில் கட்டக் கொக்கியே இல்லை. கூரை போட்ட அன்றைக்குக் கொக்கி வைக்க மறந்துபோனார்கள். சரி, மாப்பிள்ளை இருக்கிறானே என்று சொல்லி அனுப்பினோம். அவனோ மில்லில் வேலை முடிந்து, தொட்டில் போடுகிற அன்று காலையில்தான் டிரில்லோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஏணியில் ஏறினான், துளை போட்டான், ஊதினான், தேய்த்தான், பசை வைத்துக் கொக்கியைத் திருகி உள்ளே ஏற்றினான். கீழே இறங்கி, "நாளைக்குத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

நாளைக்கா! வீடு நிறைய சொந்தக்காரர்கள். எங்கள் அம்மா பிச்சையம்மாள் பதறிப்போனாள். "நல்ல நேரம் முடியப் போகுதே, பிள்ளையத் தரையிலயா போடுவாக?" என்றாள். நான் கொக்கியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. சேலையைக் கட்டினோம். வெள்ளத்தாய் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கையை எடுக்கும்போது அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

வந்தவன் பிள்ளையை ஒரு கையால் வாரித் தூக்கினான். மறு கையால் பெண்டாட்டியை விட்டான் ஓர் அறை. குழந்தை பெற்ற பச்சை உடம்புக்காரி சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். காதோரம் தோடு குத்தி ரத்தம் வந்தது. பிள்ளை வீரிட்டது. அத்தனை சொந்தத்துக்கும் நடுவே தொட்டில் சேலையைப் பிய்த்தெறிந்தான். அம்மா தடுக்கப் போனவளை முழங்கையால் தள்ளினான். நான் சும்மா இருப்பேனா? பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, பித்தளைக் குடத்தைத் தூக்கி அவன் வாயிலேயே போட்டேன். முன்பல் ஒன்று தெறித்து வாசலில் விழுந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். பந்திக்கு வைத்த சாம்பார் என் முதுகில் கொட்டியது. அவன் என் கழுத்தைப் பிடித்தான், நான் அவன் விரலைக் கடித்தேன். பிரித்துவிட்டவர்களுக்கும் அடி விழுந்தது. கடைசியில் பிள்ளை தரையில் பாய் மேல்தான் கிடந்தது. நல்ல நேரமும் போச்சு, சாப்பாடும் போச்சு.

மறுநாள் காலையில் அவன் வந்தான். உதடு வீங்கி வெற்றிலைப் பைபோலத் தொங்கியது. ஏணியில் ஏறிக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டான். எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தரத்தில் தொங்கினான், காலைச் சுருக்கிச் சுருக்கி ஆடிப் பார்த்தான். பொறவு குதித்து, ஏணியை நிமிர்த்தித் தானே சேலையைக் கட்டி, பிள்ளையைக் கிடத்தி, ஒருதரம் ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டான். உடைந்த பல்லை அவனிடம் நீட்டி, "இந்தாரும், இதுக்கும் உம்ம பசையப் போட்டு ஒட்டிக்கிடும்" என்றேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளத்தாய் அவனோடு திரும்பி ராஜபாளையம் போனாள். ஆனால் மறக்கவில்லை. "ஊரு முன்னால என்னய அடிச்சாரு அண்ணே. ஒரு நாளு ஊரு முன்னால திருப்பிக் குடுப்பேன்" என்று என்னிடம் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். பிள்ளையைவிட அந்த ஆளுக்குப் போல்ட்டுதான் பெரிது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது அவளை அரித்தது.

காரணம் தெரிந்தது அதற்கு அடுத்த புரட்டாசியில். சனிக்கிழமை மலைமேல் பெருமாளைக் கும்பிட, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். படியேறும்போது சுந்தரபாண்டியத்துக்காரி சீனியம்மாள் என்ற பெண் வெள்ளத்தாயைப் பார்த்து, "நீ சிவனாண்டி வீட்டுக்காரிதான?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் தவசிமுத்துவும் சிவனாண்டியும் சேர்ந்துதான் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள், ஒன்றாகவே அந்தக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு பேருமாகச் சுவரில் ஒரு தாங்கிக்குப் பசை வைத்துப் போல்ட் இறக்கினார்கள். பெரிய ஆபீசர் பார்வைக்கு வருகிறார் என்று போர்மேன் அன்று சாயந்தரமே அதில் பாரத்தை மாட்டச் சொன்னான். மாட்டப் போனது தவசிமுத்து. தாங்கி பிடுங்கிக்கொண்டு வந்து அவன் நெஞ்சில் இறங்கியது, அங்கேயே உயிர் போய்விட்டது. சிவனாண்டி கையில் கிடைத்த சங்கிலி ஸ்பேனரால் போர்மேனின் இரண்டு முழங்காலையும் உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனான்.

வெள்ளத்தாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும், "தவசிமுத்து யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அவன் சாப்பாட்டிலிருந்து கையை உதறிக்கொண்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டான். சோற்றில் கால்வாசிகூடச் சாப்பிடவில்லை என்றாள்.

இனி நான் சொல்லப்போவது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆயுத பூஜை. கிட்டங்கியில் பேலை மச்சுக்கு ஏற்ற முதலாளி கரண்டில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் வாங்கினார். அதற்கு முன்னால் நாங்கள் கயிறு போட்டு இழுப்போம். ஒரு பேல் மூன்று ஆள் கனம் இருக்கும். கீழே பஞ்சு கலக்கும் கலவைப் பகுதிப் பெண்கள் நின்று கொக்கியை மாட்டிவிடுவார்கள். அதே மில்லில் வேலை பார்த்த வெள்ளத்தாய்தான் அந்தப் பெண்களுக்கு மூத்தவள். ஹாய்ஸ்ட் தொங்குவதற்குச் சுவரில் ஓர் இரும்புக் கை பொருத்த வேண்டும். சுவரோ பழைய சுண்ணாம்புக் காரைச் செங்கல். மறுபக்கம் வரை ஓட்டை போட்டுத் தகடு வைத்து முறுக்கினால் தொல்லை இல்லை. ஆனால் மறுபக்கம் முதலாளியின் பங்காளி கிட்டங்கி. இரண்டு வீட்டுக்கும் கோர்ட்டில் வழக்கு. அந்தப் பக்கம் டிரில் முனை எட்டிப் பார்த்தால் அன்றைக்கே அரிவாளோடு வந்துவிடுவார்கள். அதனால் பசைதான் வழி.

இரும்புக் கை கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து சேர்ந்தது ஆயுத பூஜை அன்று மத்தியானம். மழை வேறு. சிவனாண்டி சுவரைக் காய்ச்சி, நாலு போல்டையும் இறக்கி, இரும்புக் கையை மாட்டிச் சிவப்புத் துணி கட்டிவிட்டான். குளிருக்குப் பசை மெதுவாகத்தான் இறுகும். கிட்டங்கி மேனேஜர் காளிராஜிடம், "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் தொடக் கூடாது" என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

காளிராஜ் முதலாளியின் மச்சான். வாயைத் திறந்தால் வசவுதான். "விஜயதசமியன்னைக்குக் காலையில நல்ல நேரத்துல மொதப் பேலு ஏறணும். முதலாளியம்மா வாராக. ஒம்ம பசைக்காகப் பெருமாளு காத்துக்கிடப்பாரா வேய்?" என்றான்.

மறுநாள் காலை கிட்டங்கியில் வாழைக்கன்று, தோரணம், பொரி, கடலை, ஊதுவத்திப் புகை. இரும்புக் கைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தகட்டையும் சுவரையும் சேர்த்து இழுத்துப் பூசிய சந்தனம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சிவனாண்டி பெரிய ஸ்பேனரோடு சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் நின்றான்.

"வழி விடுலே" என்றான் காளிராஜ்.

சிவனாண்டி நகரவில்லை. எலக்ட்ரீசியன் அவன் தோளுக்கு மேலாகச் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். ஸ்பேனர் இறங்கியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு காளிராஜின் லோடுமேன்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். பேலைக் கட்டி வருகிற இரும்புப் பட்டை இருக்கிறதே, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதைச் சாட்டைபோல வீசினார்கள். சட்டை கிழிந்து முதுகு கிழிந்தது. நான் உள்ளே குதித்தேன். ஒருவனைத் தலையால் முட்டிப் பல்லைப் பெயர்த்தேன், இன்னொருவன் பேல் கொக்கியால் என் மண்டையைப் பிளந்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கி எல்லாம் செக்கச்செவேலென்று தெரிந்தது. சிவனாண்டி கீழே விழுந்தும் ஒருவன் காலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். இரும்புக் கைக்கு நேர் கீழே, முதல் பேலுக்குப் பக்கத்தில், புதுச்சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள் வெள்ளத்தாய். முதலாளியம்மாதான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அவன் கத்தினான். "தள்ளிப் போடீ!" என்று கத்தினான். அவ்வளவு பெரிய சத்தம் அவனிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. அடுத்த வார்த்தை வருவதற்குள் காளிராஜ் ஒரு கட்டையை எடுத்து அவன் தாடையில் போட்டான். தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

வெள்ளத்தாய் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்தாள். "அபசகுனம் புடிச்சவ" என்று திட்டிவிட்டுக் காளிராஜ் இன்னொரு பெண்ணிடம் தட்டைக் கொடுத்தான். பட்டனை அமுக்கினார்கள். பேல் ஏறியது. மச்சு வரைக்கும் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. கைதட்டினார்கள், பூசணிக்காயை உடைத்தார்கள்.

"பாத்தியாலே? தொங்குதா இல்லையா?" என்று காளிராஜ் செருப்புக் காலால் சிவனாண்டியின் நெஞ்சை அழுத்திக் கேட்டான். எங்கள் இரண்டு பேரையும் பேல் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என் தங்கை. புதுச்சேலை முழுக்க ரத்தம்.

சிவனாண்டிக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பேச்சு கிடையாது, கஞ்சி மட்டும். ஆனால் படுக்கையில் கிடந்தபடி கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மேலே காட்டுவான், விரலை ஒருபக்கமாகச் சரிப்பான், வெள்ளத்தாயைக் காட்டுவான். எனக்குப் புரிந்தது. இறுகாத பசையில் பாரம் ஏற்றினால் போல்ட் இம்மி நழுவும். நழுவிய இடத்தில் பசை இறுகிக்கொண்டாலும் சுவரோடு அதற்கு ஒட்டு விட்டுப் போயிருக்கும். இன்றைக்குத் தாங்கும், நாளைக்கும் தாங்கும். ஒரு நாள் விடும். விடுகிற அன்றைக்குக் கீழே நிற்பது யார்?

"நீ வேலைக்குப் போகாதட்டி" என்றேன்.

"நான் போகாட்டி வேற எவளாவது நிக்கப் போறா. அவளுக்கும் பிள்ளைக இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெண்கள் சொல்லி நான் கேட்டது. போனவள் தினமும் அந்தச் சந்தனத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தகட்டுக்கும் சுவருக்கும் சேர்த்துப் பூசிய சந்தனம் மேல் விளிம்பில் கீறல் விட்டிருந்தது. காளிராஜிடம் காட்டினாள். "சந்தனம் காஞ்சா வெடிக்கத்தான செய்யும், சோலியப் பாரு" என்றான். அவள் விடவில்லை. பூஜைத் தட்டிலிருந்து புதுச் சந்தனம் குழைத்து, மச்சுப் படியில் ஏறி மேலும் கீழும் ஒரே கனத்தில் பூசினாள். அன்று முழுக்கப் பேல் ஏறியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள். கீழ் விளிம்பில் சந்தனம் அப்படியே இருந்தது. மேல் விளிம்பில் மட்டும் வாயைப் பிளந்திருந்தது. காய்ந்து வெடித்தது என்றால் இரண்டு விளிம்பிலும் வெடித்திருக்க வேண்டும். பேல் அறுக்கிற கத்தியை நுழைத்தாள். நுனி தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. பேல் பட்டை நெம்புகிற கடப்பாரையை எடுத்தாள். கீழே நின்ற பெண்களைப் பார்த்து, "அம்புட்டுப் பேரும் வெளிய போங்கட்டி! எவளாவது கிட்ட வந்தா காலை ஒடிச்சிப்புடுவேன்!" என்று கத்தினாள். பெண்கள் தூக்குச்சட்டிகளைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

காளிராஜ் ஓடிவந்தான். கொண்டையைப் பிடித்து இழுத்து அவள் நெற்றியைப் பேல்மேல் மோதினான். பட்டை கீறி நெற்றி பிளந்தது. ஒருதரம் இல்லை, திரும்பத் திரும்ப மோதினான். அவள் கடப்பாரையைக் கீழிருந்து மேலாக ஒரு வீசு வீசினாள். அவன் தோள்பட்டை எலும்பு முறிந்து, கை தொங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஊளையிட்டான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். கொல்ல நினைத்தவள் இழுத்துப் போட்டிருக்க மாட்டாள், அங்கேயே விட்டிருப்பாள். இதை நான் போலீசிலும் சொன்னேன்.

உள்ளே வந்து, தொங்கிய பட்டன் பெட்டியை நீள ஒயரோடு எட்டும் தூரம்வரை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். பேலை மேலே ஏற்றினாள். இறக்கினாள், சட்டென்று நிறுத்தினாள். ஏற்றினாள், இறக்கினாள், நிறுத்தினாள். வாசலில் கூடியிருந்த மில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தபோது முழங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். ஒரு நிறுத்தலில் சுவர் உறுமியது. இரும்புக் கை, ஹாய்ஸ்ட், பேல் எல்லாம் செங்கலைப் பெயர்த்துக்கொண்டு ஒன்றாக வந்து விழுந்தன. கட்டிடம் அதிர்ந்தது. பெண்கள் விட்டுப் போன தூக்குச்சட்டிகள் தகடாக நசுங்கிவிட்டன. பெண்கள் அதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

வெள்ளத்தாய் இடிபாட்டில் ஒரு போல்டைத் தேடி எடுத்தாள். அதைச் சுற்றிப் பசை உறைபோல முழுசாக இருந்தது. அதன் மேல் செங்கல் ஒரு துணுக்குக்கூட ஒட்டியிருக்கவில்லை. மடியில் கட்டிக்கொண்டு, நெற்றி ரத்தத்தோடு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பின்னாலேயே பாதி மில் வந்தது.

நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். வார்டு நிறைய ஆட்கள். அவள் போல்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் கட்டைவிரலால் அந்தப் பசையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்திருக்கும். அவளுடைய நெற்றியைப் பார்த்தான், முழுசாக நிற்கிறவளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போது அவள் கையை ஓங்கி அவனை ஓர் அறை விட்டாள். உடைந்தது வலது தாடை. பார்த்து இடது கன்னத்தில்தான் அடித்தாள். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"இது தொட்டிலுக்கு," என்றாள். "ஊரு முன்னால அடிச்சீக, ஊரு முன்னால வாங்கிக்கிடுங்க. நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்குக் கொக்கிக்கும் சரி, இன்னைக்குச் சுவருக்கும் சரி. ஆனா சொன்னீகளா? தவசிமுத்துக்கு இப்படி ஆச்சு, பயமா இருக்கு வெள்ளத்தாயி, பிள்ளையப் போடாதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் போட்டுருப்பேனா? எவளாவது போடுவாளா? அதச் சொல்ல வாயி இல்ல, அடிக்கக் கை மட்டும் இருக்கோ?"

சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சித் தம்ளரை எடுத்தாள். புகட்டும்போது கஞ்சி அவன் மார்பில் சிந்தியது. அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். நர்சம்மா வந்து, "ஏம்மா, முதல்ல உன் நெத்தியக் காட்டு" என்று அதட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வெள்ளத்தாய்மேல் கேஸ் போட்டார்கள். நசுங்கிய தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்ததில் முதலாளி கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார். காளிராஜ் தோள் கூடி வேறு ஊர் போய்விட்டான். சிவனாண்டி அதன் பிறகு யாரையும் அடிக்கவில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். மூன்றாம் மாதமே செட்டியார்பட்டியில் ஒரு தறிக்காரனோடு கட்டிப் புரண்டான். வெள்ளத்தாயை மட்டும் தொடவில்லை.

தாடைக் கம்பியை அவிழ்த்த அன்று நானும் கூடத்தான் இருந்தேன். டாக்டர், "ஏதாவது பேசுங்க பாப்போம்" என்றார். அவன் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தான். ஒரு பக்கம் கோணலாகவே இருந்தது, முன்பல்லும் இல்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. நாச்சியாரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் தங்கையைப் பார்த்தான்.

"வெள்ளத்தாயி," என்றான். "எங்க ஊர்ல தவசிமுத்துன்னு ஒருத்தன் இருந்தான்."